ஆட்டத்தில் இருந்ததுதானா? பேஸ்பால் நினைவுப்பொருள் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கென்று அமெரிக்கா வந்து, பிள்ளைகளை லிட்டில் லீக்கில் சேர்த்து, அப்படியே தானும் பேஸ்பால் பைத்தியமாகிவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களில் சிலர் அடுத்த கட்டமாகப் பழைய பந்து, பேட், ஜெர்சி என்று தேட ஆரம்பிக்கிறார்கள். அப்போது போன் போட்டுக் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதான கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

"கேம்-யூஸ்டு"ன்னா என்ன? கடையில விக்கிற ஒரிஜினல் ஜெர்சியும் அதும் ஒண்ணுதானே?

இல்லை. கடையில் கிடைப்பது, அதே நிறுவனம் அதே துணியில் தைத்ததாகவே இருந்தாலும், ரசிகருக்காகச் செய்தது. கேம்-யூஸ்டு என்றால் உண்மையான ஆட்டத்தில் குறிப்பிட்ட ஆட்டக்காரர் போட்டுக்கொண்ட சட்டை, பிடித்த பேட், வீசப்பட்ட பந்து.

இரண்டுக்கும் நடுவில் "கேம்-இஷ்யூடு" என்று ஒன்று உண்டு. அணி அந்த ஆட்டக்காரருக்கென்றே தைத்து லாக்கரில் தொங்கவிட்டிருக்கும், ஆனால் அது களத்துக்குப் போனதற்குச் சான்று இருக்காது. விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விற்பவர்கள் வழுக்கிக்கொண்டு போவதும் இந்த இடத்தில்தான். விளம்பரத்தில் "புரொஃபஷனல் மாடல்", "டீம் இஷ்யூ", "ஆட்டக்காரர் பயன்படுத்திய ரகம்" என்றெல்லாம் எழுதியிருந்தால், ஆட்டத்தில் இருந்தது என்று அவர்கள் சொல்லவே இல்லை. சொல்லாததை நாமாகப் படித்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு கிரிக்கெட்தான் தெரியும். ஒரே ஒரு பந்துக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வருது?

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரே பந்து 80 ஓவர் உழைக்கும். பேஸ்பாலில் ஒரு பந்தின் ஆயுள் சில வீச்சுகள்தான். மண்ணில் பட்டால் மாற்றுவார்கள். ரசிகர்கள் பக்கம் போனால் போனதுதான். இதற்கு ஒரு துயரமான பின்னணி உண்டு. 1920 ஆகஸ்டில் கிளீவ்லாண்ட் ஆட்டக்காரர் ரே சாப்மேன், கார்ல் மேஸ் வீசிய பந்து தலையில் பட்டு மறுநாள் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அழுக்கேறிக் கறுத்த பந்தையே தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார்கள், மாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பட்டது.

அதனால் ஒவ்வொரு பந்துக்கும் அதற்கென்று ஒரு கணம் இருக்கிறது: இந்த ஹோம் ரன்னின் பந்து (நம்ம சிக்ஸர் போல வேலிக்கு வெளியே பறக்கும் அடி), அந்த 3,000ஆவது ஹிட்டின் பந்து. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்தக் கணத்துக்குத்தான்.

ஸ்டேடியத்துல பந்து நம்ம கையில விழுந்தா அது நமக்கே சொந்தமா? கேஸ் போட மாட்டாங்களா?

பொதுவாகச் சொந்தம்தான். முன்பு அப்படி இல்லை. 1921இல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ரூபன் பெர்மன் என்ற ரசிகர் பிடித்த பந்தைத் திருப்பித் தர மறுத்தார். அவரை அரங்கத்தை விட்டு வெளியேற்றினார்கள். அவர் ஜயண்ட்ஸ் அணி மேல் வழக்குப் போட்டு 100 டாலர் வென்றார். அந்த வழக்கு ஒரு திருப்பம். பந்தைப் பிடித்தவரே வைத்துக்கொள்ளலாம் என்பது மெல்ல எல்லா இடத்திலும் வழக்கமானது.

சிக்கல் வருவது இரண்டு பேர் கை வைக்கும்போது. 2001 அக்டோபர் 7 அன்று பாரி பாண்ட்ஸ் அடித்த, அந்த ஒரே சீசனில் அவருடைய 73ஆவது ஹோம் ரன் பந்து முதலில் ஒருவர் கையுறைக்குள் போனது, கூட்டம் அவர் மேல் விழுந்தது, கடைசியில் பந்து இன்னொருவர் கையில் இருந்தது. நீதிமன்றம் 2002 டிசம்பரில், இருவருக்கும் சம உரிமை, விற்றுப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. 2003இல் அது 4.5 லட்சம் டாலருக்குத்தான் போனது. வழக்கறிஞர் செலவை நினைத்தால் இருவருக்கும் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஷோஹெய் ஒடானி ஒரே சீசனில் அடித்த 50ஆவது ஹோம் ரன் பந்தும் (2024 செப்டம்பர் 19, மயாமி) இப்படியே வழக்கில் சிக்கியது. ஆனாலும் ஏலத்தில் 43 லட்சத்து 92 ஆயிரம் டாலர் வந்தது, தைவான் நிறுவனம் ஒன்று வாங்கியது.

வாங்குபவராக நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உரிமை குறித்து வழக்கு நிலுவையில் இருக்கிறதா, இருந்தால் விற்ற பணம் யாரிடம் நிற்கும் என்பதை ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு பழைய சட்டை 2 கோடி டாலருக்கு மேல போச்சாமே, நிஜமா?

நிஜம்தான். 1932 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், அக்டோபர் 1 அன்று, சிகாகோ ரிக்லி ஃபீல்டில் பேப் ரூத் போட்டிருந்த யாங்கீஸ் அணியின் சாம்பல் நிறச் சட்டை அது. ஐந்தாவது இன்னிங்ஸில் ரூத் கையை நீட்டி எதையோ சுட்டிக் காட்டிவிட்டு, சார்லி ரூட் வீசிய பந்தை சென்டர் ஃபீல்டுக்கு மேலே தூக்கி அடித்தார். ஹோம் ரன் விழப்போகும் இடத்தை முன்கூட்டியே காட்டினாரா, எதிரணி பெஞ்சைப் பார்த்துத் திட்டினாரா என்ற சண்டை இன்று வரை ஓயவில்லை. 2024 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் அந்தச் சட்டை 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. விளையாட்டு நினைவுப்பொருள் எதுவும் அதுவரை அந்த விலை கண்டதில்லை.

இதே சட்டை 2005இல் 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. இடைப்பட்ட காலத்தில் சந்தை ஏறியது உண்மை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. புகைப்பட ஒப்பீடு செய்யும் நிறுவனங்கள் அன்றைய ஆட்டத்தின் படங்களோடு சட்டையை வைத்துப் பார்த்து, இது அதேதான் என்று உறுதி சொல்லின. ரூத்தின் சட்டை என்பது ஒரு விலை, ரூத் அந்த நாளில் போட்ட சட்டை என்பது முற்றிலும் வேறு விலை.

அந்த ஃபோட்டோ மேட்ச் எப்படிப் பண்றாங்க? எல்லா ஜெர்சியும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

தூரத்தில் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய கம்பளி ஃபிளானல் சட்டைகளில் மார்பில் உள்ள எழுத்துகளை ஆள்தான் வெட்டித் தைத்தார். அதனால் பட்டன் பட்டைக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளி சட்டைக்குச் சட்டை மாறும். ஒன்றில் எழுத்தின் கால் பட்டன்துளையைத் தொடும், இன்னொன்றில் அரை விரல் தள்ளி நிற்கும். கோடு போட்ட சட்டையென்றால் இன்னும் வசதி: எண்ணின் விளிம்பு எந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறது என்பது கைரேகை போல அந்த ஒரு சட்டைக்கே உரியது.

பேட்டில் மர இழையின் ஓட்டம், முடிச்சு, கைப்பிடியில் சுற்றிய டேப்பின் கோணம், பிடிமானத்துக்காகத் தார் பூசிய எல்லை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கையுறையில் தோலின் மடிப்பும் வார் முடிச்சும். படத்தில் தெரியும் அடையாளம் பொருளிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று போதாது, பல வேண்டும்.

"ஸ்டைல் மேட்ச்" என்ற சொல்லைப் பார்த்தால் நிதானியுங்கள். அந்த வருடம் அந்த அணி இதே மாதிரிச் சட்டை போட்டது என்பது மட்டுமே அதன் அர்த்தம். அறிக்கையில் எந்தப் படம், எந்தத் தேதி, எந்தெந்த அடையாளங்கள் என்று குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள். படத்தை நீங்களே பெரிதாக்கிப் பார்த்து உங்கள் கண்ணுக்கும் தெரிந்தால்தான் அது மேட்ச். "நிபுணர்களுக்குத் தெரியும்" என்ற பதில் எனக்கு ஒருபோதும் போதியதில்லை.

எம்.எல்.பி. ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அப்ப கண்ண மூடிட்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். மேஜர் லீக் பேஸ்பாலின் (எம்.எல்.பி.) சான்றளிப்புத் திட்டம் 2001இல் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சான்றளிப்பவர் இருப்பார். இவர்கள் பணியில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற காவல்துறையினர். பொருள் களத்திலிருந்து வெளியே வருவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கரைப் பிய்த்தால் சிதைந்துபோகும், இன்னொரு பொருளுக்கு மாற்ற முடியாது. இன்றைய பொருட்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஸ்டிக்கர் இருந்தாலே கேம்-யூஸ்டு என்று ஆகிவிடாது. கையெழுத்துப் போடும் நிகழ்ச்சியில் ஆட்டக்காரர் கையெழுத்திட்ட புதுப் பந்துக்கும் இதே ஸ்டிக்கர்தான். களம் காணாத, அணி கொடுத்த சட்டைக்கும் இதுதான். அதில் உள்ள எண்ணை எம்.எல்.பி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் வீசியது, யார் ஆடியது, எந்த இன்னிங்ஸ், என்ன ஆனது என்ற விவரம் வரும். அந்த வரியைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ரசிகர்கள் பக்கம் விழுந்த ஹோம் ரன் பந்து சான்றளிப்பவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுவதால் பொதுவாக ஸ்டிக்கர் கிடைக்காது. அதற்காகத்தான் சாதனை நெருங்கும்போது ரகசியக் குறியிட்ட பந்துகளை உள்ளே விடுகிறார்கள். 1998இல் மார்க் மெக்வயர், சாமி சோசா இருவருக்கும் அப்படிச் செய்தார்கள். 2022இல் ஆரன் ஜட்ஜின் 62ஆவதுக்கும் அதுதான் உதவியது.

2001க்கு முன்னாடி உள்ள பந்தை எப்படி நம்புறது?

பந்தே பாதி விஷயம் சொல்லிவிடும். மேஜர் லீக்கில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பிரிவுகள். 1999 வரை பந்தின் மேல் அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். 2000 முதல் கமிஷனரின் கையெழுத்து. நேஷனல் லீக்கில் ஃபோர்டு ஃப்ரிக் 1934 முதல் 1951 வரை, அதன்பின் வாரன் ஜைல்ஸ் 1969 வரை. அமெரிக்கன் லீக்கில் வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 வரை, அதன்பின் ஜோ க்ரோனின் 1973 வரை. பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16. ஆகவே வாரன் ஜைல்ஸ் பெயர் அச்சான பந்தில் ரூத்தின் கையெழுத்து இருந்தால், அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. சிரிக்காதீர்கள், இப்படிப்பட்ட பந்துகள் விற்பனைக்கு வருகின்றன.

தோலையும் பாருங்கள். 1974இல்தான் குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறினார்கள். 1976 வரை ஸ்பால்டிங், 1977 முதல் ராலிங்ஸ். இன்னொன்று, பளபளவென்று வெள்ளையாக இருக்கும் பந்து ஆட்டத்துக்குப் போயிருக்காது. நியூஜெர்சியில் டெலவேர் ஆற்றின் கிளை ஒன்றின் கரையிலிருந்து எடுக்கும் லீனா பிளாக்பர்ன் சேற்றைத் தேய்த்துப் பளபளப்பை எடுத்த பிறகுதான் பந்து களத்துக்கு வரும். 1930களின் கடைசியில் அமெரிக்கன் லீக்கில் தொடங்கிய பழக்கம் இது, 1950களிலிருந்து எல்லா அணிகளிலும் உண்டு. தையலின் ஓரத்தில் மெல்லிய பழுப்புப் படிந்திருக்கும்.

இவை எல்லாம் காலத்தைத்தான் காட்டும். எந்த ஆட்டம், எந்த அடி என்பதற்கு, பின்னால் "புரோவனன்ஸ்" பற்றி வரும் பதிலைப் பாருங்கள்.

பேட்ல பேர் பொறிச்சிருக்கு. அப்ப அது அவரோட பேட்தானே?

பேர் இருப்பது எதையும் நிரூபிக்காது. 1905இல் ஹோனஸ் வாக்னர் தன் கையெழுத்தை லூயிவில் ஸ்லக்கர் பேட்டில் பொறிக்க ஒப்பந்தம் போட்டார். அதிலிருந்து நட்சத்திர ஆட்டக்காரர்களின் பெயர் பொறித்த பேட்டுகள் கடைகளில் பிள்ளைகளுக்கு ஏராளமாக விற்கப்பட்டன. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கராஜில் கிடைக்கும் ரூத் பேட் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். கைப்பிடிக் குமிழின் அடியில் நீளத்தை மட்டும் ஒரு எண்ணாக அடித்திருந்தால் அது கடைச் சரக்கின் அடையாளம்.

தொழில்முறை பேட்டுக்குத் தொழிற்சாலைப் பதிவேடு உண்டு. ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி நிறுவனம் எந்த ஆட்டக்காரருக்கு, எந்தத் தேதியில், எந்த மாடல், என்ன நீளம், எத்தனை அவுன்ஸ் என்று எழுதி வைத்தது. கையிலுள்ள பேட்டை அளந்து, நிறுத்துப் பார்த்து அந்தப் பதிவோடு ஒப்பிட வேண்டும். காய்ந்த மரம் அவுன்ஸ் கணக்கில் கொஞ்சம் குறைந்திருக்கும், அது பரவாயில்லை. நீளம் மாறினால் சரிவராது. நடுவில் உள்ள முத்திரையின் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியது. "பவரைஸ்டு" என்ற சொல் 1930களின் தொடக்கத்தில் சேர்ந்தது, 1980ஐ ஒட்டி நடு முத்திரையே மாறிவிட்டது. முத்திரையின் காலமும் ஆட்டக்காரர் ஆடிய காலமும் ஒத்துப்போகாத பேட்டுகளை இதை வைத்தே கழித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது "சைடு ரைட்டிங்" உள்ள பேட்டுகள். ஆட்டக்காரர் தனக்குக் கைவந்த பேட்டைத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பி, இதே மாதிரி இன்னும் செய்து கொடுங்கள் என்பார். தொழிற்சாலை ஆள் பேட்டின் மேலேயே பென்சிலால் பெயர், ஊர், வந்த தேதி எல்லாம் எழுதிவிடுவார். அவர் பாட்டுக்குத் தன் வேலைக்காக எழுதியது, நமக்குக் கல்வெட்டு. விரிசல் விட்ட பேட் என்று முகம் சுளிக்க வேண்டாம், பந்துபட்ட கருந்தடமும் தையல் பதிந்த தடமும் விரிசலும் ஆடியதன் அடையாளங்கள்தான்.

பழைய ஜெர்சியில போலியை நாமளே கண்டுபிடிக்க முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது, மோசமானவற்றை முடியும். சில தேதிகளை மனதில் வையுங்கள். யாங்கீஸ் சட்டையில் முதுகில் எண் வந்தது 1929இல். பேட்டிங் வரிசைப்படி ரூத்துக்கு 3, லூ கெரிக்குக்கு 4. ஆகவே ரூத் 60 ஹோம் ரன் அடித்த 1927ஆம் வருடத்துச் சட்டை, முதுகில் அசல் எண் 3 உடன் என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முதுகில் பெயர் முதன்முதலில் வந்தது 1960இல், சிகாகோ வைட் சாக்ஸ் அணியில். கம்பளி ஃபிளானலை விட்டு இழுபடும் செயற்கைத் துணிக்கு முதலில் மாறியது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், 1970இல்.

1939இல் எல்லா அணிகளும் பேஸ்பால் நூற்றாண்டுச் சின்னத்தைச் சட்டைக் கையில் தைத்திருந்தன. அந்த வருடச் சட்டை என்று சொல்லிச் சின்னம் இல்லாமல் வந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய சட்டைகளை அணிகள் கீழ்மட்ட லீக் அணிகளுக்குக் கொடுத்துவிடும், அங்கே எழுத்தையும் சின்னத்தையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்கள். சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்பி விளக்குக்கு நேரே பிடியுங்கள். சின்னம் இருந்திருந்தால் வட்டமாகத் தையல் ஊசித் துளைகள் தெரியும், அந்த இடத்துத் துணி சுற்றிலும் உள்ளதைவிட வெளுக்காமல் இருக்கும். பிற்காலத்தில் எழுத்தைத் திரும்ப ஒட்டிப் "புதுப்பித்த" சட்டைகளும் உண்டு. அதை விற்பவர் சொன்னால் நேர்மை, சொல்லாமல் விட்டால் மோசடி.

சர்டிபிகேட் கூடவே தர்றாங்களே, அது போதாதா?

யார் கொடுத்த சர்டிபிகேட் என்பதைப் பொறுத்தது. 1990களில் எஃப்.பி.ஐ. "ஆபரேஷன் புல்பென்" என்ற பெயரில் கலிபோர்னியாவில் போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்றைத் துரத்தியது. 1999 அக்டோபரில் நடந்த சோதனைகளில் அகப்பட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலும் ஒன்று! போலிப் பொருட்களோடு போலிச் சான்றிதழும் சேர்ந்தே அச்சானது. தாளில் தங்க முத்திரை அடிக்க யாரால் முடியாது?

கேம்-யூஸ்டு பேட், ஜெர்சிக்கு மியர்ஸ், பேட்டுக்கு பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் மதிப்பெண் போட்டுக் கடிதம் தருகின்றன. நான் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல, காரணங்களை. எதனால் கூட்டினார்கள், எதனால் குறைத்தார்கள் என்று எழுதியிருக்கும். அங்கே "பயன்பாட்டுத் தடயம் குறைவு", "எழுத்து மாற்றப்பட்டது" என்ற வரிகள்தான் விலையைத் தீர்மானிக்கும். பழைய கடிதமென்றால் அதன் தேதியையும் பாருங்கள், இருபது வருடத்துக்கு முன் தெரியாத பல விஷயங்கள் இன்று தெரியும்.

"புரோவனன்ஸ்" இருக்குன்னு சொல்றாங்க. அது என்ன பெரிய விஷயமா?

ஆமாம், பெரிய விஷயம்தான். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரை யார் கை மாறியது என்று பார்ப்போம் இல்லையா, அதேதான் இதுவும். களத்திலிருந்து உங்கள் கை வரை இடைவெளி இல்லாமல் கதை வர வேண்டும்.

1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டன் ஆட்டக்காரர் பில் பக்னர் பிடிக்கத் தவறி அவர் கால்களுக்கு நடுவே உருண்டுபோன பந்து நல்ல உதாரணம். வலது அவுட்ஃபீல்டு பக்கம் நின்ற நடுவர் எட் மான்டேகு அதை எடுத்துச் சின்னதாக ஒரு "எக்ஸ்" குறி போட்டு வைத்தார். பிறகு அது மெட்ஸ் அணிக்குப் போனது. 1992இல் நடிகர் சார்லி ஷீன் 93,500 டாலருக்கு வாங்கினார். பின்னர் வேறு கைக்கு மாறி, 2012இல் 4 லட்சத்து 18 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அத்தனை கைமாறலிலும் அடையாளமாக நின்றது அந்தச் சின்னக் குறிதான். எதிர்ப்பக்கத்தில், 1951 அக்டோபர் 3 அன்று பாபி தாம்சன் அடித்த புகழ்பெற்ற ஹோம் ரன் பந்து. அதை யார் எடுத்தார்கள் என்பதற்குப் பதிவே இல்லை. "இதுதான் அது" என்று எத்தனை பந்துகள் வந்தாலும் ஒன்றையும் நிரூபிக்க முடியவில்லை.

ரூத் பேட் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1923 ஏப்ரல் 18, யாங்கீ ஸ்டேடியம் திறந்த நாள். அங்கே முதல் ஹோம் ரன் அடித்த பேட்டை அவரே கையெழுத்திட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாணவர்களுக்கான ஹோம் ரன் போட்டியின் பரிசாக அனுப்பிவைத்தார். பரிசு பற்றிய வாசகம் பேட்டின் மேலேயே இருக்கிறது. 2004இல் சோத்பீஸில் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலர். "அப்பா சொல்லுவார்" என்ற வாய்வழிக் கதை மட்டும் இருந்தால், கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காக விலையை ஏற்றாதீர்கள்.

பெரிய கலெக்டர்கிட்ட இருந்து வந்ததுன்னா நம்பலாம்தானே?

பாரி ஹால்பர் அளவுக்குப் பெரிய சேகரிப்பாளர் இருந்ததில்லை. அவர் சேகரிப்பின் ஒரு பகுதியை எம்.எல்.பி. வாங்கி, கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமுக்கே கொடுத்தது. மீதி 1999இல் சோத்பீஸில் 2 கோடி டாலருக்கு மேல் விற்றது. ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவற்றில் "ஷூலெஸ்" ஜோ ஜாக்சன் 1919இல் போட்ட சட்டை என்று ஒன்று இருந்தது. பின்னால் ஆய்வகத்தில் சோதித்தபோது, 1940களுக்கு முன் புழக்கத்திலேயே இல்லாத செயற்கைப் பொருள் அதில் இருந்தது தெரிந்தது. அருங்காட்சியகமே அதை ஒத்துக்கொண்டது.

ஹால்பர் தெரிந்து செய்தாரா, ஏமாந்தாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வாங்குபவருக்கு அது முக்கியமில்லை. பிரபலமான கை என்பது சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே, முந்தைய கண்ணிகள் அறுந்திருந்தால் அது தாங்காது.

நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களோட பொருள் கிடைக்குமா? அதுக்கு ஃபோட்டோ மேட்ச் எல்லாம் எப்படி?

மிகவும் அரிது. கறுப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீக்கில் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று இருந்தவை நீக்ரோ லீக்குகள். சச்சல் பேஜ், ஜோஷ் கிப்சன் போன்றவர்கள் ஆடிய அந்த அணிகளிடம் பணம் கிடையாது. சட்டையைக் கிழியும் வரை போட்டார்கள், பேட்டை உடையும் வரை அடித்தார்கள். பெரிய பத்திரிகைகள் புகைப்படக்காரர்களை அனுப்பவில்லை. ஆகவே ஒப்பிடப் பெரும்பாலும் படமே இருக்காது. 2020 டிசம்பரில் எம்.எல்.பி. இந்த லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி அளித்தது, 2024இல் அவர்களின் புள்ளிவிவரங்களையும் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்த்தது. அதற்கேற்பத் தேடுபவர்கள் அதிகமானார்கள், போலிகளும் கூடவே வரும்.

இங்கே குடும்பத்தின் கடிதம், உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகைகளில் வந்த செய்தி, அணி நிர்வாகியின் கணக்குத் தாள் இவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சட்டை, பேட்டை விடச் சுவரொட்டி, டிக்கெட், அணிப் புகைப்படம் வாங்குவது பாதுகாப்பு என்பது என் கருத்து.

ஜெர்சி துண்டு வச்ச கார்டு வாங்கலாமா? மலிவா இருக்கே.

வாங்கலாம், எனக்குத்தான் மனசு வராது. 2003இல், ஆட்டக்காரர் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை அச்சிடும் டான்ரஸ் என்ற கார்டு நிறுவனம் ரூத்தின் 1925 சட்டை ஒன்றைச் சுமார் 2 லட்சத்து 64 ஆயிரம் டாலருக்கு வாங்கி, துண்டு துண்டாக வெட்டிக் கார்டுகளில் வைத்தது. பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு சட்டை போய்விட்டது, அவ்வளவுதான்.

நடைமுறைக் காரணமும் உண்டு. கைவிரல் நகம் அளவு துணியில் மேலே சொன்ன எந்தச் சோதனையையும் செய்ய முடியாது. புதிய கார்டுகளின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். எந்த ஆட்டம், எந்த வருடம் என்று எதுவும் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பது நிறைய.

அழுக்கா இருக்கு, டிரை க்ளீன் குடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்த அழுக்குக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். மண் கறை ஒரு படத்தோடு பொருந்தினால் அதுவே ஆதாரம். பேட்டுக்கு வார்னிஷ் பூசுவது, பந்தை ஈரத் துணியால் துடைப்பது எல்லாம் அப்படித்தான்.

கம்பளிக்கு எதிரி பூச்சி, கையெழுத்துக்கு எதிரி வெயில், மரத்துக்கு எதிரி திடீரென்று மாறும் ஈரப்பதம். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றிச் சட்டையைப் படுக்க வையுங்கள், ஹேங்கரில் தொங்கவிட்டால் கம்பளி தோளில் இழுபடும். பேட்டை ஹீட்டர் பக்கத்தில் சாத்தாதீர்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் சேகரிப்பை முழுதாகக் காப்பாற்றாது, தனி பாலிசி கேளுங்கள்.

இதை முதலீடா நினைச்சு வாங்கலாமா?

மெக்வயரின் 70ஆவது ஹோம் ரன் பந்தை 1999இல் டாட் மெக்ஃபார்லேன் சுமார் 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். மூன்றே வருடத்தில் பாண்ட்ஸ் 73 அடித்துச் சாதனையை உடைத்தார். 2010இல் மெக்வயர், தான் ஸ்டீராய்டு எடுத்ததை ஒத்துக்கொண்டார். அப்புறம் 30 லட்சம் எங்கே வரும்? ஜட்ஜின் 62ஆவது பந்தைப் பிடித்தவருக்கு 30 லட்சம் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. அவர் ஏலத்துக்குக் கொண்டுபோனார், 15 லட்சம்தான் வந்தது. சூடு ஆறுவதற்கு முன் வாங்குபவர்தான் அதிகம் இழக்கிறார்.

ஏலச் செலவையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் கேட்ட விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் என்று 20 சதவீதத்தை ஒட்டிச் சேரும். விற்கும்போதும் ஒரு பங்கு போகும். போலியாக விலை ஏற்றிவிடும் ஆபத்தும் கற்பனை இல்லை. ஒரு காலத்தில் இந்தத் துறையின் மிகப் பெரிய ஏலதாரராக இருந்த பில் மாஸ்ட்ரோ, பொய் ஏலக் கேட்பு உள்ளிட்ட மோசடிக்காக 2015இல் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டு உட்காருங்கள்.

என்கிட்ட நூறு இருநூறு டாலர்தான் இருக்கு. நானெல்லாம் என்ன வாங்குறது?

நிறைய இருக்கிறது. அரங்கங்களில் உள்ள கேம்-யூஸ்டு கடைகளிலும் அணிகளின் இணைய ஏலத்திலும், ஹாலோகிராம் ஒட்டிய சாதாரண வீச்சுப் பந்து சில பத்து டாலரிலிருந்தே கிடைக்கும். நீங்கள் குடும்பத்தோடு பார்த்த ஆட்டத்தின் பந்தையே தேதி போட்டுத் தேடலாம், அதுதான் நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது. உடைந்த பேட், வரிசை அட்டை, பேஸ் எல்லாம் வரும். நட்சத்திரம் அல்லாத ஆட்டக்காரரின் 1970, 80களின் பேட்டும் எட்டாத விலை இல்லை. அதில் பழகினால் முத்திரை, பதிவேடு எல்லாம் கை வந்துவிடும், தப்பு செய்தாலும் சின்னத் தப்பாக இருக்கும்.

கேம்-யூஸ்டு பந்துல அந்த ஆட்டக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கினா மதிப்பு கூடுமா?

பெரும்பாலும் கூடும், அதிலும் "இந்த ஹோம் ரன், இந்தத் தேதி" என்று அவரே எழுதிக் கொடுத்தால். ஆனால் பேனாவை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். பேட் பட்ட தடத்தின் மேலோ ரகசியக் குறியின் மேலோ மை படக் கூடாது. சட்டையில் வேண்டாம், மை கம்பளியில் பரவும்.

ஹேங்க் ஆரனின் கடைசி ஹோம் ரன், 755ஆவது, 1976 ஜூலை 20 அன்று மில்வாக்கியில். பந்தை எடுத்தது அரங்கத்தின் களப்பணியாளர் ஒருவர். ஆரனிடம் தானே கொடுக்க வேண்டும் என்று கேட்டார், அணி விடவில்லை. பந்தைத் தர மறுத்ததற்காக வேலை போனது, சம்பளத்திலும் 5 டாலர் பிடித்தார்கள். பல வருடங்கள் கழித்து ஒரு கையெழுத்து நிகழ்ச்சியில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, இது எந்தப் பந்து என்று சொல்லாமலே, ஆரனிடம் அதில் கையெழுத்து வாங்கிவிட்டார். 1999இல் அது 6.5 லட்சம் டாலருக்கு விற்றது, அதில் ஒரு பங்கை ஆரனின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.